ஒரு காது மாடிப் பக்கம்

எங்கள் குதிரையேற்றப் பள்ளியில் பதினோரு குதிரைகள். பத்துக் குதிரைகளுக்கு யார் ஏறினாலும் சம்மதம். பதினோராவது குதிரைக்கு என் ஓரகத்தி ஏறினால் மட்டும்தான் சம்மதம். மற்றவர்கள் பக்கத்தில் போனால் காதை மடக்கும், சட்டைக் கையைக் கடிக்கும், மனமிருந்தால் நடக்கும், இல்லையென்றால் நட்டு வைத்த கல் மாதிரி நிற்கும். அதனால் லாயத்தில் எல்லோரும் அந்தப் பெண் குதிரையை ராங்கி என்று கூப்பிட்டோம். என் மனசுக்குள் மட்டும் அந்தப் பெயர் ஓரகத்திக்கும் சேர்த்துத்தான்.

அண்ணனைக் கட்டியவள் அவள், தம்பியைக் கட்டியவள் நான். அவளை நான் அக்கா என்பேன், அவள் என்னை ஏய் என்பாள். அவளுடைய கணவர்தான் பள்ளிக்கு முதலாளி, அவரை எல்லோரும் பெரியவர் என்போம். என் கணவர் பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லித்தருவார். நான் சேணம் பூட்டுகிறவள். பதினைந்து வருடமாகப் பூட்டுகிறேன், ஆனால் ஏறியதில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் என்னைத் தூக்கி ஒரு கிழட்டுக் குதிரைமேல் உட்கார வைத்தார்கள். அது தும்மியது. நான் குதித்து வீட்டுக்குள் ஓடிவிட்டேன். அதோடு என் சவாரி முடிந்தது.

சேணம் பூட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. வயிற்றுக்கு அடியில் போகிற வாரை இழுக்கும்போது விவரமான குதிரை மூச்சைப் பிடித்து வயிற்றை உப்ப வைத்துக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்கு வார் கச்சிதமாக இறுகிவிட்டது போலத் தெரியும். இருபது அடி நடத்திப் போனால் மூச்சை விட்டுவிடும், வார் தொளதொளத்துவிடும். அப்போது இரண்டாவது தடவை இழுக்க வேண்டும். இழுத்து முடித்ததும் பூட்டியவர் "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு ஏறுகிறவர் வாரைத் தொட்டுப் பார்க்கக் கூடாது. இது மாமனார் வைத்த சட்டம். தொட்டால் பூட்டியவரை நம்பவில்லை என்று அர்த்தம், அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது. எங்கள் பள்ளி முழுவதும் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று காலை, சவாரி பழக வந்த பிள்ளைகளின் அம்மாக்கள் வேலி ஓரமாக நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் ஓரகத்தி சொன்னாள், "இவளா? இவ குதிரைக்கு அலங்காரம் பண்ணத்தான் லாயக்கு. ஏறச் சொன்னா வயித்தைக் கலக்கிடும்." எல்லோரும் சிரித்தார்கள். அது கூடப் பரவாயில்லை. என் கணவரும் சிரித்தார், பல் தெரியச் சிரித்தார்.

நான் ராங்கிக்கு முதல் இழுப்பு இழுத்தேன். இருபது அடி நடத்தினேன். "ஆச்சு" என்றேன். இரண்டாவது இழுப்பை மறந்துவிட்டேன். கோபத்தில் கை மறந்துவிட்டது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெளிவட்டப் பாதையின் கடைசி வளைவில் சேணம் சரிந்தது. ஓரகத்தி கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சேணம் வயிற்றுக்கு அடியில் தொங்கியதில் மிரண்டுபோன குதிரை அதை உதைத்து உதைத்து நார்நாராக்கிவிட்டது. வார் இரண்டு துண்டு. அதைப் பார்த்தவர்கள் குதிரை துள்ளியதால்தான் வார் அறுந்தது என்று முடிவு கட்டினார்கள். நான் வாயே திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து மாடியில் முன் அறையில் படுக்க வைத்தார்கள். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கவனித்துக்கொள்ள ஒரு நர்ஸம்மா. விழுந்தது எப்படி என்று யார் கேட்டாலும் ஓரகத்தி, "ஞாபகம் இல்ல" என்றாள். நான் அறைக்குள் இருக்கும்போது மட்டும் அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள்.

ராங்கியைக் கொடுத்துவிடப் பெரியவர் ஒரு ஆளுக்குச் சொல்லி அனுப்பினார். அவன் சவாரிக்குக் குதிரை வாங்குகிறவன் இல்லை. அவனுடைய வண்டியில் ஏறிய குதிரை எதையும் மறுபடி யாரும் பார்த்ததில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறு ஞாயிறு வருவதாகச் சொல்லியிருந்தான். என் கணவர் அண்ணனிடம் மன்றாடினார். கடைசியில் பெரியவர் இறங்கி வந்தார். "அன்னைக்குக் காலையில ஒருத்தராவது அதுமேல உக்காந்து வெளிவட்டத்தை முழுசா சுத்தி வரட்டும். வந்தா இருக்கட்டும். இல்லைன்னா வண்டிதான்."

ஏறுவதற்கு ஆளில்லை. பெரியவரை அது ஏற்கெனவே வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்திருந்தது. என் கணவருக்கு முதுகு வலி. நான் உண்மையைச் சொன்னால் குதிரை பிழைத்துவிடும், என் குடித்தனம் பிழைக்குமா என்று தெரியவில்லை. சொல்லாமலே குதிரையைப் பிழைக்க வைக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது.

"நான் ஏறுறேன்" என்றேன்.

"நீயா?" என்றார் பெரியவர்.

"நான்தான். ஏன், எனக்குக் கால் இல்லையா?"

முதல் நாள் மரப்படியில் நின்று ஏறி உட்கார்ந்தேன். குதிரை அசையவில்லை. ஒரு காது முன்னால் பார்த்தது, மற்றக் காது வீட்டின் மாடிப் பக்கம் திரும்பியிருந்தது. அங்கே யாரோ பேசுவதைக் கேட்பது போல அந்தக் காது மட்டும் லேசாகத் துடித்தது. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அது ஓர் அடி எடுத்து வைத்ததும் குதித்துவிட்டேன். மறுபடி ஏறினேன், மறுபடி குதித்தேன். நான்கு தடவை. நான்காவது தடவை அது கழுத்தைத் திருப்பி என்னை ஏற இறங்கப் பார்த்தது. மாமியார் பார்வை என்பார்களே, அதுதான்.

இரண்டாம் நாள் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அது நின்ற இடத்திலேயே நின்றதால் கடிவாளத்தை வெடுக்கென்று இழுத்தேன். இரண்டு கையாலும், என் கோபம் அத்தனையும் சேர்த்து இழுத்தேன். அது தலையை உயர்த்தி ஒரு முனகல் முனகியது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, இறங்கிவிட்டேன்.

பால் டம்ளரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். ஓரகத்தியின் வாய் ஓரம் இரண்டும் கன்றிச் சிவந்திருந்தது. ஒரு பக்கம் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. நர்ஸம்மா பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"காலையில பல்லு விளக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சும்மா. இப்பத்தான், அரை மணி நேரத்துக்குள்ள" என்றாள்.

ஓரகத்தி என்னைப் பார்த்தாள். "கையை ஏன் அப்படி வெட்டி வெட்டி இழுக்கறே?"

டம்ளரைக் கீழே வைக்க எனக்கு இடம் தெரியவில்லை. அந்த அறையின் ஜன்னல் தெருப் பக்கம். அங்கிருந்து மைதானம் தெரியாது. யாராவது வந்து சொன்னார்களா என்று நர்ஸம்மாவைத் தனியாகக் கேட்டேன். காலையிலிருந்து ஓர் ஈ காக்கை உள்ளே வரவில்லை என்றாள்.

எனக்கு லேசில் நம்பிக்கை வராது. மறுநாள் வெளிக் கதவைப் பூட்டினேன். கூரை போட்ட கொட்டகைக்குள் குதிரையை நடத்திப் போய், யாரும் பார்க்காத மூலையில் நிறுத்தி, அதன் வலது காதுக்குப் பின்னால் பிடரி மயிரை மூன்று விரலால் கலைத்துவிட்டேன். பிறகு மாடிக்குப் போனேன். நர்ஸம்மா சீப்பும் கையுமாக அலுத்துக்கொண்டிருந்தாள். "சீவி முடிச்சு அஞ்சு நிமிஷம் ஆகல, எப்படித்தான் கலையுதோ." வலது காதுக்குப் பின்னால் ஒரு கற்றை முடி மட்டும் மேல்நோக்கிக் கலைந்திருந்தது. ஓரகத்தி கண்ணை மூடிக்கொண்டு, "கூச்சமா இருக்கு" என்றாள். அவள் அதை நர்ஸிடம் சொல்லவில்லை.

இறங்கும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். குதிரையிடம் எனக்கு இருந்த பயமெல்லாம் ஒரு பயமே இல்லை. என் கை அந்தக் குதிரைக்குச் செய்கிறதெல்லாம் மாடியில் அவளுக்குத் தெரிகிறதென்றால், அன்றைக்கு இந்தக் கை செய்யாமல் விட்டதும் தெரியுமா? தெரிந்தும் ஞாபகம் இல்லை என்கிறாளா? எதற்காகக் காத்திருக்கிறாள்? கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. ஓடிப்போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் நான் சவாரி கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித்தரவில்லை. கடிவாளத்தைத் தொடும்போதெல்லாம் அவள் வாயைத் தொடுகிறோம் என்ற நினைப்பு வந்துவிடும், கை தானாக இளகிவிடும். திரும்ப வேண்டுமென்றால் சுண்டுவிரலை மடக்கினால் போதும், அது திரும்பியது. குதிகாலால் இடிப்பதை விட்டேன். யாருடைய விலா என்று எனக்குத் தெரியும். பொத்தென்று உட்காருவதையும் விட்டேன்.

மாடியில் பாராட்டு ஒன்றும் கிடைக்காது, குறைதான் கிடைக்கும். "இன்னைக்கு முட்டியால அமுக்கிட்டே இருந்தே. மூச்சு முட்டுச்சு."

"அதுக்கா, உனக்காக்கா?" என்றேன் ஒருநாள், துணிந்து.

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நர்ஸம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் துணி மடிக்க ஆரம்பித்தாள்.

ராங்கியின் ராங்கித்தனம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். தீனிக்கு முன்னால் சேணத்தைக் கண்டால் இன்னமும் கடிக்க வரும். தண்ணீர் தேங்கிய இடத்தைக் கண்டால் முகத்தைச் சுளிக்கும். ஆனால் நான் லாயத்துக்குள் நுழைந்தால் தீனித் தொட்டியிலிருந்து தலையைத் தூக்க ஆரம்பித்தது. எட்டாவது நாள், வைக்கோல்மேல் போர்த்தியிருந்த தார்ப்பாய் காற்றில் படீரென்று அடித்தது. குதிரை முன்னங்கால் இரண்டையும் தூக்கிவிட்டது. வழக்கமாக நான் குதிக்கிற நேரம் அது. குதிக்கவில்லை. கழுத்தில் கையை வைத்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நான் இருக்கேன்" என்றேன். அது காலைக் கீழே வைத்து, நடுங்கி, என் கைக்கு அடியில் அடங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயதில் ஒரு பிராணி என்னை நம்பி அடங்கியது, சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு மாடிக்குப் போனபோது ஓரகத்தி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில் ஐந்து விரல் பட்ட தடம் வெளுப்பாகத் தெரிந்தது. என் கையைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்துப் பார்க்கவில்லை. வைக்காமலே தெரிந்தது.

வெளிவட்டத்துக்கு மட்டும் பெரியவர் என்னை விடவில்லை. இன்னொரு இடுப்பு உடைய வேண்டாம், ஒரே நாள், ஒரே தடவை, அவ்வளவுதான் என்று பாதையை மூடி வைத்திருந்தார். எனக்கும் அந்தக் கடைசி வளைவைப் பார்க்கும் அவசரம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வண்டி வந்து நின்றது. குதிரை வாங்குகிறவன் இறங்கி வேலியில் சாய்ந்து பல் குத்த ஆரம்பித்தான். நான் வாரை இழுத்தேன். இருபது அடி நடத்தி இரண்டாவது தடவை இழுத்தேன். வார் இம்மியும் நகரவில்லை. முதல் இழுப்பிலேயே இறுகியிருந்தது. ராங்கி மூச்சைப் பிடிக்கவே இல்லை. இத்தனை வருடத்தில் யார் பூட்டியும் அது அப்படி நின்றதில்லை. "ஆச்சு" என்றேன், அதைக் கேட்டு ஏறுவதற்கு வேறு யாரும் இல்லாவிட்டாலும். மாடிப் பக்கம் திரும்பியிருந்த காது ஒருமுறை அசைந்தது.

நேர்ப் பாதையில் நன்றாகப் போனோம். எங்கள் கால்கள் ஆறும் சேர்ந்து ஒரே கணக்கில் விழுவது போல இருந்தது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. என் கணவர் வேலிக்கு அந்தப் பக்கம் கூடவே ஓடிவந்தார். கடைசி வளைவு வீட்டின் பின்சுவரை ஒட்டி வரும். அங்கே குதிரை நின்றது.

நான் குரல் கொடுத்தேன், அசையவில்லை. அப்போது என் முட்டிகளுக்கு நடுவே அதன் வயிறு உப்ப ஆரம்பித்தது. மெதுவாக, நிறையாக உப்பியது. வார் கிறீச்சிட்டது. உப்பிய வயிறு அப்படியே நின்றது. மூக்கு அசையவில்லை, வால் அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. எண்ணினேன். இருபது, முப்பது, ஐம்பது. இரண்டு காதும் மாடியை விட்டுத் திரும்பி என்னைப் பார்த்து நின்றன.

மேலே நர்ஸம்மா அலறினாள். "யாராவது ஓடி வாங்க! அம்மா மூச்சு விடல! மூஞ்சியெல்லாம் நீலமாகுது!"

பெரியவர் பின்சுவரோரம் இருந்த மாடிப்படிக்கு ஓடினார். என் கணவர் வேலியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. எதற்காகக் காத்திருக்கிறார்கள், குதிரையும் மாடியில் அவளும்.

"அன்னைக்கு வாரை ரெண்டாவது தடவை நான் இழுக்கல" என்றேன். குதிரையின் கழுத்தோடு குனிந்து, அதற்கு மட்டும் கேட்கும்படி. வயிறு இளகவில்லை.

சத்தமாகச் சொன்னேன். "குதிரை மேல தப்பு இல்ல! நான்தான் வாரை இழுக்கல! மறந்துட்டேன்!"

என் கணவரின் முகம் மாறியது. படியில் பாதி ஏறிய பெரியவர் அப்படியே திரும்பினார். குதிரை மூச்சை விடவில்லை. அதன் கண் ஓரம் வெள்ளை தெரிந்தது, கால்கள் தள்ளாடத் தொடங்கின. நான் குதித்திருக்கலாம், குதிரை என்ன ஆனாலும் என் உடம்பு தப்பியிருக்கும். குதிக்கவில்லை. அந்தக் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, இத்தனை நாளாக எனக்கே நான் சொல்லாததைச் சொன்னேன்.

"மறக்கல. வேணும்னே விட்டேன். லூசா இருக்குன்னு தெரிஞ்சே ஆச்சுன்னு சொன்னேன். விழட்டும்னு நினைச்சேன் அக்கா. எல்லார் முன்னாடியும் விழட்டும்னு நினைச்சேன்."

குதிரை மூச்சை விட்டது. நீளமான, சூடான மூச்சு, முடிவே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. மாடி அறையிலிருந்தும் யாரோ தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியது போல ஒரு சத்தம் வந்தது, பிறகு இருமல், பிறகு நர்ஸம்மாவின் அழுகை. ராங்கி நான் சொல்லாமலே நடக்கத் தொடங்கியது.

வட்டத்தை முடித்தேன். வேறு எங்கே போவது என்றும் எனக்குத் தெரியவில்லை. வந்து நின்றபோது வேலி ஓரத்தில் குதிரை வாங்குகிறவன் மட்டும் இருந்தான். அவன் பல் குத்திய குச்சியைக் கீழே போட்டான். "குதிரை நல்லாத்தானேம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். என் கணவர் வந்து கடிவாளத்தை வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாடிக்குப் போனேன். பெரியவர் கதவருகே நின்றிருந்தார். என்னைத் தடுப்பார் என்று நினைத்தேன், ஒதுங்கி நின்றார். ஓரகத்தி தலையணையில் சாய்ந்திருந்தாள். உதடு இன்னும் நீலமாக இருந்தது.

"உனக்கு முதல்லயே தெரியுமாக்கா?"

"விழும்போதே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ சொல்றியான்னு பார்த்தேன். ஒவ்வொரு நாளும் பாலை எடுத்துட்டு வருவே. இன்னைக்குச் சொல்லுவே, இன்னைக்குச் சொல்லுவேன்னு பார்த்தேன்."

"மன்னிச்சிடுக்கா" என்றேன்.

அவள் போர்வையின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். பிறகு, "நாளைக்குக் காலையில ஏறு. தினமும் ஏறு. அதுக்கு உன்மேல நம்பிக்கை வந்துடுச்சு" என்றாள்.

நான் கட்டில் பக்கம் போய் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வரல" என்றாள். "இந்த ரூமுக்கு இனிமே நீ வராதே."

அன்றிலிருந்து நான் மாடிக்குப் போனதில்லை. தினமும் காலையில் குதிரை ஏறுகிறேன். கையை எவ்வளவு இளக்கமாக வைத்திருக்க முடியுமோ அவ்வளவு இளக்கமாக வைத்திருக்கிறேன்.